வினையைத் தொடரும் ‘இங்’ வடிவம்

ஆங்கில விளக்கவுரைகளைக் கற்கவும், விருந்தினரின் அருளுரையை மேடையில் மொழிபெயர்க்கவும் ஆயருக்கு ஆங்கில இலக்கண அறிவு தேவையாகிறது. அவ்விலக்கணத்தில் நம்மவரைப் பெரிதும் இடறச் செய்வது ஒன்றுண்டு. ஒரு வினையைத் தொடரும் மற்றொரு வினை ‘இங்’ ஈற்றைப் பெறுமா, ‘டு’ என்பதை முன்னே கொள்ளுமா என்பதே அது. சில இடங்களில் இது பொருளையே தலைகீழாக்கிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் நடைபெறும் ஒரு கூட்டத்தை எண்ணிப் பார்ப்போம். கம்பமெட்டுச் சாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறிச் சென்ற தொழிலாளி ஒருவர் ‘ஸ்டாப்ட் டு பிரே’ என்று விருந்தினர் கூறுகிறார். ஜெபிப்பதற்காக வழியில் நின்றார் என்பது பொருள். ‘ஸ்டாப்ட் பிரேயிங்’ என்றாலோ, ஜெபிப்பதையே நிறுத்திவிட்டார் என்றாகும். மொழிபெயர்ப்பாளர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வாராயின், ஓர் எளிய மனிதரின் பக்தி சபையின் முன் பின்மாற்றமாக அறிவிக்கப்பட்டுவிடும்.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. ‘ஜெபிக்க நின்றார்’ என்பதில் ‘ஜெபிக்க’ வினையெச்சம், நோக்கத்தைக் குறிக்கிறது. ‘ஜெபித்தலை நிறுத்தினார்’ என்பதில் ‘ஜெபித்தல்’ தொழிற்பெயர். இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகிறது. இங்கு ஆங்கில ‘இங்’ வடிவமும் தொழிற்பெயரின் பணியையே செய்கிறது.

இத்தகைய வினைகளை மூவகையாகக் கொள்ளலாம்.

1. ‘இங்’ வடிவத்தை வேண்டுபவை: என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், டினை, சஜஸ்ட்.

2. ‘டு’ வடிவத்தை வேண்டுபவை: ஹோப், டிசைட், ரெஃப்யூஸ், ப்ராமிஸ்.

3. இரண்டையும் ஏற்பவை: இவற்றுள் பிகின், கன்டினியூ ஆகியவற்றில் பொருள் பெரிதும் மாறாது. ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட் ஆகியவற்றில் மாறும். ‘ரிமெம்பர்’ என்பதை ‘இங்’ வடிவம் தொடர்ந்தால், ஆலயக் கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது என்னும் பொருள். ‘டு’ தொடர்ந்தால், பூட்ட மறவாதே என்னும் பொருள்.

‘டு’ பெரும்பாலும் இனி நிகழ்வதை நோக்கும். ‘இங்’ நிகழ்ந்ததையோ நிகழ்வதையோ நோக்கும். ஆயினும் ‘சஜஸ்ட்’ போன்றவை இவ்விதிக்கு அடங்கா. மனனம் செய்தலே வழி. கடிதங்களில் நாம் எழுதும் ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதிலுள்ள ‘டு’ வேற்றுமை உருபு போன்றது. ஆதலால் அதன்பின் ‘சீயிங்’ என்றே வரவேண்டும், ‘சீ’ அன்று.

திருமறை மாணவருக்கு இதில் மேலும் ஒரு பயனுண்டு. ‘ஓய்தல்’ எனப் பொருள்படும் ‘பவோமாய்’ என்னும் கிரேக்க வினையை, லூக்கா 5:4, அப்போஸ்தலர் 5:42, எபேசியர் 1:16 ஆகிய இடங்களில் பார்ட்டிசிப்பிள் வடிவம் தொடர்கிறது. அது தொழிற்பெயர் அன்று. எனினும் நடந்துகொண்டிருக்கும் செயலையே குறிக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்போ, அப்போஸ்தலர் 5:42இல் ‘சீஸ்’ என்னும் வினையின்பின் ‘டு’ வடிவத்தை இடுகிறது. ‘சீஸ்’ இரண்டையும் பொருள் மாறாமல் ஏற்கும், ‘ஸ்டாப்’ ஏற்காது. பழைய மொழிபெயர்ப்பின் நடையைப் பின்பற்றி ‘ஸ்டாப்’ என்பதோடு ‘டு’ சேர்ப்போர், போதிப்பதை நிறுத்தவில்லை என்று கூற எண்ணி, போதிப்பதற்காக நிற்கவில்லை என்று கூறிவிடுவர்.

ஆகவே, இத்தகைய இணைவினை வருமிடத்தெல்லாம், அதைத் தமிழில் எச்சமாகவும் தொழிற்பெயராகவும் மாற்றிப் பார்த்து, இடத்திற்குப் பொருந்துவது எதுவெனத் தெளிந்தபின் மொழிபெயர்ப்போமாக.