இடுப்புக் கொழுக்கியும் ஒற்றைத் திருகாணியும்

பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் வியாபாரம் செய்யும் எனக்கு, பெட்டரி ட்ரில்லை இடுப்புப் பட்டியில் தொங்கவிடும் கொழுக்கி சில்லறைச் சாமானாகவே தெரிந்தது. தொலைத்தவர்கள் கேட்டு வரவே, பட்டறையொன்றில் வளைத்தெடுத்து விற்றேன்.

ஒரு மாதம் போகவில்லை. தச்சு பாஸ் ஒருவர் உடைந்த ட்ரில்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "ஏணியில் நிற்கும்போது விழுந்தது முதலாளி. கீழே பொடியன் நின்றிருந்தால்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பெட்டரியோடு ஒன்றரை, இரண்டு கிலோ பாரம் அல்லவா?

கொழுக்கியைப் பார்த்தோம். கம்பி நிமிரவில்லை, திருகாணிதான் கழன்றிருந்தது. கம்பனிக் கொழுக்கியின் அடிப்பகுதி ட்ரில்லின் பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும். பாரத்தையும் அதிர்வையும் அந்தப் பள்ளமே தாங்கும். நான் செய்வித்ததோ பள்ளத்துக்குள் ஆடியது. ஆட ஆட, ஒற்றைத் திருகாணி தளராமல் என்ன செய்யும்?

ட்ரில்லுக்கான நட்டத்தை நான் ஏற்றேன். மீதிக் கொழுக்கிகளைப் பழைய இரும்புக்குப் போட்டேன். அடுத்ததை அந்த பாஸையே அருகில் வைத்துக்கொண்டு செய்வித்தேன். அடி பள்ளத்துக்கு அளவாக, வாய் பட்டியின் தடிப்புக்குச் சற்றுக் கூடுதலாக, நுனி பட்டியின் அகலத்தைத் தாண்டி லேசாக வெளியே விரிந்து. ஸ்ப்ரிங் வாஷரும் போட்டோம்.

முதலாவதை அவருக்கே கொடுத்தேன். மறுபக்கம் மாற்றிப் பூட்டச் சொன்னார். அவர் இடக்கைக்காரர்.