ரப்பர் தவளை

ஆவணியில் மயில் தோகை உதிர்க்கும். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உளுந்து காயப்போட்டால் காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். போன வாரம் மயிலை விரட்டப் போனபோது தண்ணீர்த்தொட்டி ஓரம் நீளமாக ஓர் இறகு கிடந்தது. கையில் எடுத்ததும் அதன் கண்ணை நான் பார்க்கவில்லை. அடித்தண்டைத்தான் விரலால் அமுக்கிப் பார்த்தேன். அண்ணன் விட்டுப்போன பழக்கம்.

மயிலிறகின் அடித்தண்டுக்கு உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல இருக்கும்; தண்ணீரில் முங்காது. நாலு விரற்கடை நறுக்கி நரம்பில் கட்டினால் தூண்டிலுக்குத் தக்கை ரெடி. 1980-களில் குத்துக்கல்வலசை வயலில் மயில் இறங்கி நான் பார்த்ததில்லை. பண்பொழி திருமலைக்கோவிலுக்குப் போனால் அண்ணன் முருகனைக் கும்பிடுவதைவிட, இறகு விற்கிறவரிடம் ஒடிந்ததை விலை பேசுவதில்தான் மும்முரமாக இருப்பான். இப்போது தக்கை மாடியிலேயே வந்து விழுகிறது. கட்டுகிறவன் போய் ஆறு வருஷமாகிறது.

குத்துக்கல் என்றால் நட்டுவைத்த கல். வலசை என்றால் வேறிடத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். பறவைகள் இடம்பெயர்வதற்கும் அதே சொல்தான் என்பதில் அண்ணனுக்கு ஒரு பெருமை. “நம்மளும் கொக்குக் கூட்டந்தாம்ல” என்பான். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதன்பின் மனை விலை எங்கோ போய்விட்டது. அவன் கௌதாரிக்குக் கண்ணி வைத்த வரப்புகளில் மனைக்கு அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். இன்றைய பிள்ளைகளுக்குக் குத்துக்கல் என்றால் அதுதான்.

கண்ணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர், பறவைக்குக் கண்ணி வைக்கும் சிங்கனைக் குற்றாலக் குறவஞ்சியில் பாடினார். பரிசாக நிலம் கிடைத்தது, அதற்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். நிஜமாகவே கண்ணி வைத்த எங்கள் அண்ணனுக்கு அம்மாவிடமிருந்து கிடைத்தது விளக்குமாற்றடி.

பள்ளிக்கூடத்தில் தேறாதவன் குளத்தங்கரையில் வாத்தியார். மண்புழுவை ஈரமண்ணோடு சிரட்டையில் வைத்து மூடிக்கொண்டு நான் பின்னால் போவேன். தக்கை மெல்ல நடுங்கினால் கெண்டை, ஒரே இழுப்பில் சாய்த்துக்கொண்டு போனால் கெளுத்தி. விராலுக்கு மட்டும் புழு கிடையாது, உயிருள்ள தவளை.

விரால் பார்ப்பு விட்டிருந்தால் தண்ணீருக்கு மேலே செம்பு நிறத்தில் ஒரு படலம் கொதிக்கிற மாதிரித் தெரியும். அத்தனையும் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் கிடக்கும். அந்தப் படலத்தின் நடுவே தவளையைப் போட்டால் பசியில் அல்ல, கோபத்தில் கடிக்கும், தப்பாது. ஓர் ஐப்பசியில் அண்ணன் அப்படி ஒன்றை இழுத்துக் கரையில் போட்டான். முழங்கை நீளம். நான் குதித்தேன். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். படலம் கலைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்தது. வேறு மீன்கள் வந்து அடிக்கும் சத்தம், பளக் பளக்கென்று. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அமைதியாகிவிட்டது. அன்றைய குழம்பை அவன் தொடவில்லை. அதன்பிறகு பார்ப்பைக் கண்டால் “அது வீடுல, வாசல்ல நிக்காத, வா” என்று என் தோளைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

முயலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பிசான அறுப்பு முடிந்த பங்குனி இரவுகளில் மூணு கட்டை டார்ச்சும் ஒரு கன்னி நாயுமாகக் கிளம்புவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கிச் சில விலங்குகளை வேட்டையாட வழியிருந்தது. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. அவர்கள் கூட்டத்தில் உரிமம் வாங்கியவனும் இல்லை, திருத்தத்தைக் கேள்விப்பட்டவனும் இல்லை. அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. அகப்பட்ட முயல் கத்துவது பச்சைப்பிள்ளை அழுவதுபோல இருக்கும். அண்ணன் பிற்பாடு அதை விட்டான். சட்டத்துக்குப் பயந்தா, முட்டிவலியாலா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த இரவுகளில் அவன் படித்த படிப்பு இப்போது யாரிடமும் இல்லை. ஈரமண்ணில் குளம்புத்தடத்தின் விளிம்பு கூராக நின்றால் ராத்திரி போனது, சரிந்திருந்தால் நேற்றே போனது என்பான். இன்று மேக்கரை, வடகரைத் தோப்புகளில் யானை தென்னையைச் சாய்க்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. எங்கள் தெருவிலும் பன்றிப் பேச்சுத்தான். அது எந்த ஓடை வழியாக ஏறி வருகிறது என்று கேட்டால் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள்.

அருவியிலும் அப்படித்தான். எங்களைப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனால் அவன் மட்டும் தலையை முழுசாக நனைக்க மாட்டான். தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் வர ஆரம்பித்தால் அதட்டிக் கரையேற்றுவான்; இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை என்பான். 2024 மே 17 அன்று அங்கே திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. செய்தியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமில்லை. பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசிலடித்து ஆட்களை வெளியேற்றுகிறது. நல்லதுதான், விசிலாவது இருக்கிறதே.

அண்ணன் மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. லீவுக்கு வரும்போது ஃபைபர் தூண்டிலும் ரீலும் கொண்டுவருவான். குளத்தை மீன் ஏலம் எடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். உள்ளே அவர் விட்ட கட்லாவும் ரோகுவும். விராலுக்கென்று ஆன்லைனில் ஒரு ரப்பர் தவளை வாங்கியிருக்கிறான். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, முதுகோடு ஒட்டி இரண்டு முள். நிஜத் தவளையைவிட அழகு. பிடித்ததைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவான். “பெறகு எதுக்குல பிடிச்ச?” என்று அண்ணன் கேட்டிருப்பான்.

போன தீபாவளிக்கு மறுநாள் அவனோடு நானும் கரையில் நின்றேன். இரண்டு வீச்சு வீசியிருப்பான்.

“சித்தப்பா, அங்க என்ன செவப்பா கொதிக்கிற மாதிரி?”

“பார்ப்பு.”

“அப்படின்னா?”

சொன்னேன். அவன் அப்பா குழம்பைத் தொடாத கதையையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ரீலைச் சுற்ற ஆரம்பித்தான். ரப்பர் தவளை அந்தச் செம்புப் படலத்தை ஒதுக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் நீளமாக மேடு கட்டி வந்து, கரைக்கு ஒரு பாகம் இருக்கும்போது சட்டென்று திரும்பிப் போனது.