கடல் நீராடலும் கிருமிக் கணக்கும்

தை அமாவாசைக்கு இராமேஸ்வரம் புறப்பட்ட என் அம்மா, "நீதான் கிருமிப் பாடம் படிக்கிறியே, அக்னி தீர்த்தத்துல குளிச்சா ஒண்ணும் செய்யாதே?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உடனே பதில் சொல்ல இயலவில்லை. காரணம், பதிலுக்கு மூன்று நாள் ஆகும்.

நீரில் நோய்க்கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது அரிது. ஆகவே குடலில் வாழும் சில பாக்டீரியாக்களை எண்ணி, கழிவு கலந்ததா என்று அறிகிறார்கள். கடல் நீராடலுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள அளவு, 100 மில்லி லிட்டரில் 100 மலக் கோலிஃபார்ம்.

செய்முறை வகுப்பில் நாங்கள் கற்பது பல குழாய் முறை. லாக்டோஸ் கரைசல் உள்ள சோதனைக் குழாய்களில் மாதிரி நீரை விடுகிறோம். உள்ளே கவிழ்த்த சிறு குழாயில் வாயு சேர்கிறதா என்று 48 மணி நேரம் வரை பார்க்க வேண்டும். சேர்ந்தால், புது ஊடகத்துக்கு மாற்றி 44.5 டிகிரி செல்சியஸில் மேலும் ஒரு நாள். கலங்கல் நீருக்கும் இது ஏற்றது, செலவும் குறைவு. ஆனால் கிடைப்பது நேரான எண்ணிக்கை அன்று, அட்டவணை கூறும் உத்தேசம். 100 என்று வந்தால் உண்மை 40 ஆகவும் இருக்கலாம், 200க்கு மேலும் இருக்கலாம்!

சவ்வு வடிகட்டல் முறையில் 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் நீரை வடிகட்டி, ஊடகத்தின் மேல் வைத்தால் மறுநாளே கூட்டங்களைக் கண்ணால் எண்ணலாம். அலை கிளப்பும் மண்தான் பகை, சவ்வு அடைத்துக்கொள்ளும். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் நொதி முறைக்கும் ஒரு நாள் போதும். உப்பு கெடுக்காதிருக்கக் கடல் நீரைப் பத்து மடங்கு நீர்க்க வேண்டும்.

எதை எண்ணுவது என்பதும் முக்கியம். உப்பு நீரில் கோலிஃபார்மைவிட என்டெரோகாக்கஸ் நீண்டு வாழும். 1986இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கடல் நீராடலுக்கு அதையே பரிந்துரைத்தது. அதன் டி.என்.ஏ.வைப் பெருக்கி அளக்கும் முறை சில மணி நேரத்தில் விடை தரும். ஆனால் செத்த கிருமியையும் சேர்த்து எண்ணிவிடும். கருவியின் விலையோ நம் ஆய்வுக்கூடத்துக்கு எட்டாது. என்னைக் கேட்டால், திருவிழாவுக்கு முந்திய நாட்களில் சவ்வு முறையில் தினமும் சோதிப்பதே நமக்கு இயன்ற வழி.

அம்மா திரும்பும்போது ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து, "இதைச் சோதிச்சுப் பாரு" என்றாள். கிருமி நீக்கிய புட்டியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கியிருக்க வேண்டும். அதைச் சொல்ல மனம் வராமல் வாங்கிச் சாமி படத்தருகே வைத்தேன்.