தூண்டிலின் கடைசி இரண்டு முழம்: முள், நரம்பு, ஈயம் தேர்வில் கவனம் தேவை

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் கோவளம் கடற்கரையை அடையலாம். கோவளம், செம்மஞ்சேரிக் குப்பம், கானத்தூர் ரெட்டிக்குப்பம், நீலாங்கரை ஆகிய ஊர்களில் கடலே பிழைப்பு. முட்டுக்காடு உப்பங்கழி ஓரத்தில், வயல் வேலை ஓய்ந்த நாட்களில் கைத்தூண்டில் போடுவதும் சிறு விவசாயிகளுக்கு ஓர் உபவருமானம் ஆகும்.

கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை உண்டு. அந்நாட்களில் தூண்டிலில் பிடித்த புதுமீனுக்குக் கிராக்கி அதிகம். அப்போது ஒரு நல்ல கொடுவா அறுத்துக்கொண்டு போனால், அன்றைய கூலி போனதற்குச் சமம். அறுபடுவது பெரும்பாலும் நீண்ட நரம்பின் நடுவில் அல்ல; முள்ளும் ஈயமும் கட்டிய கடைசி இரண்டு முழத்தில்தான். எனவே செலவைக் குறைத்தாலும் அந்த இரண்டு முழத்தில் குறைக்கக் கூடாது.

முள்

எந்த மீனுக்குப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே முள் வாங்க வேண்டும். முள்ளின் எண் பலரைக் குழப்புகிறது. 10, 8, 6 என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என ஏற ஏறப் பெரிதாகும். கிழங்கான் போன்ற சிறுவாய் மீனுக்கு 8 அல்லது 10 போதும். பெரிய கொடுவாவுக்கு 4/0 முதல் 6/0 வரை பயன்படுத்தலாம்.

முனை உட்புறமாக வளைந்த வட்ட முள் பெரும்பாலும் மீனின் வாயோரத்தில் மாட்டும். தொண்டைக்குள் இறங்குவது குறைவு. மீன் உயிரோடு கரைசேரவும் இது ஏற்றது. ஆனால் இந்த முள்ளைப் போட்டவர் வெடுக்கென்று சுண்டக் கூடாது. சீராக இழுக்க வேண்டும்.

முள்ளின் கூர்மையை அறியக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்துப் பார்க்கலாம். நகத்தில் குத்தி நின்றால் நல்ல முள். வழுக்கினால் அரத்தால் தீட்ட வேண்டும். துருவேறி இளைத்திருந்தால் கழித்துவிடுவதே நல்லது.

முனை நரம்பு

முள்ளைக் கட்டும் நரம்பு, நீண்ட நரம்பைவிடச் சற்று மெலிதாக இருப்பது பொது முறை. பாறையில் சிக்கினால் முள் மட்டும் போகும், மற்றது மிஞ்சும். ஆனால் கொடுவாவுக்கு இது பொருந்தாது. அதன் செவுள் மூடியின் ஓரம் கத்திபோல் நரம்பை அறுத்துவிடும். இதற்குத் தடித்த நரம்பு தேவை. வஞ்சிரம், சீலா போன்ற கூர்மையான பல் உள்ள மீன்களுக்கு ஒரு சாண் கம்பி கட்டுவது அவசியம்.

நரம்பின் குறுக்களவு இரு மடங்கானால் பலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே சிறிதளவு தடிப்பு கூடினாலே போதும். அளவுக்கு மீறித் தடித்தால் மீன் சந்தேகப்பட்டு இரையைத் தொடாது.

சுழலி

நீரோட்டத்தில் இரை சுழல்வதால் நரம்பு முறுக்கேறிச் சிக்கலாகும். நீண்ட நரம்புக்கும் முனை நரம்புக்கும் இடையே ஒரு சுழலி போட்டால் இது பெரிதும் குறையும். கடைகளில் 'சுவிவல்' என்று கேட்கலாம். இரு முனையையும் இழுத்துப் பிடித்தபடியே திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். இழுவையில் சுழலாதது பயன்படாது. பளபளக்கும் சுழலியைப் பல் மீன்கள் இரை என்று கருதிக் கடிப்பதுண்டு. கறுப்பு நிறமே நல்லது.

ஈயம்

உருண்டை ஈயம் மணல் தரையில் உருண்டுபோகும். அலையும் ஓட்டமும் உள்ள இடத்தில் கூம்பு வடிவ ஈயம் மணலில் பதிந்து நிற்கும். கழியின் அமைதியான நீரில் சிறு ஈயமே போதும். தரையில் தங்கும் அளவுக்கு மேல் எடை தேவையில்லை.

பாறைப் பகுதியில் ஈயத்தை எல்லாவற்றிலும் மெலிதான நரம்பில் தனியே தொங்கவிட வேண்டும். சிக்கினால் ஈயம் மட்டும் அறும்; மீன் தப்பாது. ஈயம் நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. பல்லால் கடித்து இறுக்குவதும், சமையல் பாத்திரத்தில் உருக்குவதும் ஆபத்து. தொட்ட கையைக் கழுவிய பிறகே உண்ண வேண்டும்.

முடிச்சு

எவ்வளவு நல்ல நரம்பும் முடிச்சில்தான் பலம் இழக்கிறது. காய்ந்த நிலையில் இறுக்கினால் உரசலில் சூடேறி நரம்பு நைந்துவிடும். தண்ணீரில் நனைத்து, மெதுவாக இறுக்கி, ஒருமுறை பலமாக இழுத்துச் சோதித்த பிறகே கடலில் போட வேண்டும். ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும் கடைசி ஒரு முழத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பு தட்டினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு முழ நரம்பின் விலை சொற்பம். அறுத்துப் போகும் கொடுவாவின் விலை அப்படியல்ல.