வெளியேற மறுக்கும் மூச்சு

ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவரைக் கவனியுங்கள். குழிக்குள் கால்கள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும். மேலே கைகள் நாடாவை ஓட்டி, பலகையை அடிக்கும். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவருக்குக் கால் வேலையைவிடக் கை வேலையே சீக்கிரம் மூச்சு வாங்கவைக்கும். தோள், கழுத்துத் தசைகள் அவருக்கு மூச்சிழுக்கவும் வேண்டியிருக்கின்றன. ஒரு கூலியாளுக்கு இரண்டு முதலாளிகள்!

உண்மையில் அவருக்குக் காற்றை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. சுருங்கிய குழாய்களில் காற்று மெதுவாகத்தான் வெளியேறும். வேகமாக நடந்தால், பழைய காற்று போய்த் தீருமுன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடுகிறது. நெஞ்சு உப்பி, உதரவிதானம் தட்டையாகி, நிரம்பிய மூட்டையில் மேலும் திணிப்பதுபோல் ஆகிறது. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுவதுபோல் ஊதினால் உள்ளே அழுத்தம் நின்று குழாய்கள் மூடிக்கொள்ளாது. இழுக்க ஒரு பங்கு நேரம், விட இரண்டு பங்கு. பளு தூக்கும்போது மூச்சை விட வேண்டும். நம்மில் பலர் தம் பிடிக்கிறோம்.

நெஞ்சு நோய்க்குப் படுக்கையே மருந்து என்ற நம்பிக்கையைக் காசநோயில் அசைத்தது சென்னை. 1956இல் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே தேறினார்கள். சி.ஓ.பி.டி.யில் 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைத் தொகுத்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் குழு, உடற்பயிற்சி பலன் தருமா என்று இனியும் சோதிக்கத் தேவையில்லை என 2015இல் கணக்கை மூடியது. இத்தனைக்கும் பயிற்சியால் நுரையீரல் மாறுவதில்லை. தேறுவது தொடைத் தசை. பழகிய தசை அதே வேலையைக் குறைந்த மூச்சில் முடிக்கிறது.

எவ்வளவு செய்யலாம் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். பொதுவாக, திணறலுக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் போடும் அளவு. சின்ன வாக்கியமாவது பேச வர வேண்டும். இரண்டு நிமிட நடை, கொஞ்சம் நிற்றல், மறுபடி நடை என்றாலும் பலன் உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலோ சளியின் நிறமாற்றமோ இருந்தால் அன்று நடை வேண்டாம், டாக்டரிடம் போக வேண்டும். போகிப் புகையில் நடப்பது வீண் வீம்பு.

தறியில் மூச்சு முட்டினால், சேலை சுருளும் மரத்தில் முன்கைகளை ஊன்றிச் சற்றுக் குனிந்தால் போதும். கையின் பாரத்தை மரம் தாங்கிக்கொள்ள, கழுத்துத் தசைகளுக்கு இப்போது ஒரே முதலாளி.