உஷார்! ஆட்டோவில் போட்டாச்சு என்று கண்ணை எடுத்துவிடாதீர்கள்

பிள்ளை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறானா? நீங்களே ஏறப் போகிறீர்களா? மகளைப் பைலட் படிப்பில் சேர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதா? கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

பாலக்காட்டு எருத்தேம்பதிப் பக்கத்து அம்மா ஒருவர். பேர் வேண்டாம். ஷார்ஜாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்து பேரனைக் கொஞ்சிவிட்டு, ஆடி மாதம் கோயமுத்தூருக்குத் திரும்பினார். ஆடியில் நம் பக்கத்துக் காற்று எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வந்து தென்னை மட்டையைப் பிய்த்துப் போடும். விடியாத நேரம். விமானம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நாலைந்து பேர் அதற்குள் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். திடீரென்று இன்ஜின் அலறுகிறது. மூக்கு மேலே தூக்குகிறது. தெருவிளக்குகள் சின்னதாகிக்கொண்டே போகின்றன.

உள்ளே ஒரே கூச்சல். "இறக்கத் தெரியாதவனை எல்லாம் எதுக்குய்யா ஓட்ட உடறாங்க?" என்று ஒருவர் கத்தியிருக்கிறார். இருபது நிமிடம் கழித்து விமானம் பத்திரமாக இறங்கியது. வெளியே வந்தும் ஆட்கள் பைலட்டைத் திட்டிக்கொண்டேதான் போனார்களாம். அந்த அம்மாவும் ஊருக்கு வந்து, "பொழச்சு வந்ததே பெருசுங்க, அந்தப் பைலட்டுக்கு ஒண்ணுந் தெரியலை" என்று சொன்னார்.

எனக்குப் பகீரென்றது. விமானம் மேலே போனதற்காக இல்லை. அதைத் திட்டினார்களே, அதற்காக.

இறங்க வந்த விமானம் மறுபடி மேலே போவது ஆபத்து இல்லை. சரியாக வராத இறக்கத்தை விடாப்பிடியாக இறக்குவதுதான் ஆபத்து.

இறக்கம் ஏன் சரியாக வராமல் போகிறது? இன்றைய விமானம் பெரும்பாலும் ஆட்டோவில், தானாகவே பறக்கிறது. உயரம், வேகம், திசை எல்லாவற்றையும் குமிழைத் திருகிச் சொல்லிவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். நல்ல வசதிதான். நம் தோட்டத்து மோட்டாருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோமே. ராத்திரி எத்தனை மணிக்குக் கரண்ட் வந்தாலும் தானாக ஓடும். ஆனால் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப் போனது அதற்குத் தெரியுமா? தெரியாது. வெறும் காற்றை இழுத்துக்கொண்டு ஓடும். காலையில் போய்ப் பார்த்தால் காயில் கருகிய நாற்றம். மோட்டார் போனால் கட்டிக்கொள்ளலாம். விமானம்?

1990 பிப்ரவரி 14. மும்பையிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம். ஏர்பஸ் ஏ320 ரகம், அப்போது நம் நாட்டுக்குப் புதுசு. பட்டப்பகல். மத்தியானம் ஒரு மணி. மழை இல்லை, மூடுபனி இல்லை. காக்பிட்டில் இரண்டு பேருமே கேப்டன்கள். ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் அவரைச் சோதித்துப் பார்ப்பவர்.

கடைசிக் கட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்க வேண்டும் என்று பைலட் கேட்கிறார். அடுத்தடுத்து இரண்டு குமிழ்கள். ஒன்று இறங்கும் வேகத்துக்கு, மற்றது உயரத்துக்கு. இறங்கும் வேகத்தில் வைக்க வேண்டிய 700-ஐ உயரத்தில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் பின்னால் விசாரணை முடிவு செய்தது. பெங்களூரு ஊரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி மேலே இருக்கிறது. அப்படியென்றால் 700 அடி உயரம் எங்கே? மண்ணுக்குள்ளே. இயந்திரம் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இன்ஜினை அடக்கிவிட்டு இறங்கத் தொடங்கிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ரக விமானத்தில் இயந்திரம் இன்ஜினைக் கூட்டிக் குறைக்கும்போது பைலட்டின் கையடியில் உள்ள லீவர் அசையாது. வைத்த இடத்திலேயே நிற்கும். கைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். திரையின் உச்சியில், நம் சுண்டு விரல் நகத்தில் அடங்கிவிடும் எழுத்துகளில், இப்போது எந்த முறையில் பறக்கிறது என்று ஒரு வரி ஓடும். அந்த ஒரு வரி. அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

132 நாட் (விமான வேகத்தின் அளவு) இருக்க வேண்டிய வேகம், அதிலிருந்து 25 நாட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. நானூறு அடி, முந்நூறு அடி, இருநூறு அடி என்று இயந்திரக் குரல் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. அதற்கும் அவர்கள் விழித்துக்கொள்ளவில்லை. கடைசியில் லீவரைத் தள்ளினார்கள். அடங்கிக் கிடந்த இன்ஜின் முழு வேகம் எடுக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த விநாடிகள் கையில் இல்லை. ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 146 பேரில் 92 பேர் போய்விட்டார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் துருக்கி விமானம் ஒன்று. உயரம் காட்டும் கருவி பழுதாகி, நடுவானத்திலேயே தரைக்கு வந்துவிட்டதாகக் காட்டியது. இயந்திரம் நம்பியது, இன்ஜினை அடக்கியது. காக்பிட்டில் மூன்று பேர் இருந்தும் வேகம் விழுவதைக் கவனிக்கவில்லை. மூவரோடு சேர்த்து ஒன்பது உயிர் போனது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா விமானம். வேகத்தை ஆட்டோ பார்த்துக்கொள்ளும் என்று பைலட் நம்பியிருந்தார். அது அந்த வேலையை விட்டுவிட்டிருந்தது.

ஆட்டோ கெட்டுப்போவதைவிட, ஆட்டோ பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது.

அதனால்தான் காக்பிட்டில் ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கண்காணிப்பது சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. ஓட்டுவதைவிடக் கஷ்டம். ஆயிரம் முறை சரியாக நடக்கும் ஒன்றை ஆயிரத்தொன்றாவது முறையும் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். நம் மனசு அதற்கு ஒத்துழைக்காது. பாலை அடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், கண்ணை எடுத்த நொடியில் பொங்கிவிடுகிறதே!

கவனித்துச் சொன்னாலும் போதாது, கேட்கவும் வேண்டும். 2010 மே 22, மங்களூரில் இறங்க வந்த விமானம். துணைப் பைலட் மூன்று முறை மேலே போகச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, நம் கோழிக்கோட்டுக் கரிப்பூர். கொரோனா காலம், கொட்டும் மழை, துபாயிலிருந்து ஊர் திரும்பிய சனம். 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. பாதிப் பாதை வீண். அங்கேயும் துணைப் பைலட் 'கோ-அரவுண்ட்', அதாவது மறுபடி மேலே போ என்று சொன்னார். 21 பேர் இறந்தார்கள், இரண்டு பைலட்டுகளும் அதில் அடக்கம். சொன்னவர் தானே கட்டுப்பாட்டைக் கையில் எடுத்து மேலே தூக்கவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொல்கிறது. பெரியவரை மீறக்கூடாது என்று வளர்க்கிறோமே, அந்த வளர்ப்பு அங்கே உதவாது.

பைலட் படிக்கப் போகும் பிள்ளைகளே, இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷார்! திரையின் மேல் வரி மாறியிருக்கிறது, இருவரில் யாரும் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. தரை நெருங்குகிறது, இன்ஜின் சத்தம் அடங்கியே கிடக்கிறது. இரண்டு தலையும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரில் குனிந்திருக்கின்றன. "இது ஏன் இப்படிச் செய்யுது?" என்ற கேள்வி மனசில் வந்துவிட்டது. அது வந்த கணமே ஆட்டோவைத் துண்டித்துக் கையால் ஓட்டு, காரணத்தை அப்புறம் தேடு. ஆயிரம் அடிக்கு வந்தும் வேகமும் இறக்கமும் சரியாக அமையவில்லையா? மேலே போ. யாரிடமும் அனுமதி கேட்காதே. எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி, "எப்படியாவது இறக்கிவிடலாம்" என்ற எண்ணம். நேரமாகிவிட்டது, மறுபடி சுற்றினால் எண்ணெய் வீண், பின்னால் பயணிகள் முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் நம் குரலும் இருக்கிறது என்பதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

பயணிகளுக்கு ஒன்று. சான் பிரான்சிஸ்கோவில் இறந்தது மூன்றே பேர். அதில் இரண்டு பேர் பெல்ட் போடாமல் வெளியே வீசப்பட்டவர்கள். சக்கரம் தொட்டதும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். விமானம் நின்று, பெல்ட் விளக்கு அணையும் வரை கழற்றாதீர்கள். அவசரமாக இறங்கச் சொன்னால் மேலே இருக்கும் பையைத் தொடாதீர்கள், அதில் பேரனுக்கு வாங்கிய தங்கச் சங்கிலியே இருந்தாலும்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னேன். வெற்றிலையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தத் தம்பி அன்னைக்கு எங்களைக் காப்பாத்தித்தான் மேல கொண்டு போனானா கண்ணு? நானும் சேர்ந்தில்ல திட்டிப்போட்டேன்" என்றார்.