பழைய காருக்கு மலிவான அப்சார்பர்: எதை வாங்கலாம், ஏன்?

வேலைக்குச் சேர்ந்ததும் அண்ணனோ அக்காளோ வாங்கும் முதல் கார் பெரும்பாலும் பழைய மைவியாகவோ வீவாவாகவோ சாகாவாகவோ இருக்கும். சில மாதங்கள் ஓடியதும் பட்டறைக்காரர் குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, "அப்சார்பர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பார். விசாரித்தால் மூன்று விலை வரும். ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய ஜப்பான் பொருளுக்கு ஒரு விலை. பழையதைத் திறந்து எண்ணெய் மாற்றி அடைத்த 'ரீகோன்' பொருளுக்கு இன்னொரு விலை. பெட்டியில் வரும் புதியதற்கு எல்லாவற்றையும்விடக் கூடுதல் விலை. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். மூன்றில் எது உண்மையிலேயே மலிவு? படிவம் 4 இயற்பியலில் அலைகள் பாடத்தில் நீங்கள் படிக்கும் 'தணிப்பு' இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அப்சார்பர் என்றால் அதிர்ச்சியை உறிஞ்சுவது என்று பொருள். அந்தப் பெயரே தவறான எண்ணத்தைக் கொடுக்கிறது. பள்ளத்தில் விழும்போது வரும் அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயர். அடுத்து வாங்குவது சுருள்வில், அதாவது ஸ்பிரிங். காரின் எடையைச் சுமப்பதும் ஸ்பிரிங்தான். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு: வாங்கிய ஆற்றலை வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். அப்படித் திருப்பிக் கொடுக்கும்போது கார் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் அப்சார்பரின் வேலை. பிரிட்டனில் இதை 'டேம்பர்', அதாவது தணிப்பான் என்றே சொல்கிறார்கள். அதுவே சரியான பெயர்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய காரில் ஒரு சக்கரத்தின் மேல் 240 கிலோகிராம் இருப்பதாகவும், அங்குள்ள ஸ்பிரிங்கின் மாறிலி மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாறிலியை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் வகுத்தால் அலைவெண் கிடைக்கும்: வினாடிக்கு ஏறக்குறைய 1.5 தடவை. அப்சார்பர் செத்துப்போன கார் வேகத்தடையைத் தாண்டிய பிறகு படகுபோல ஆடுமே, அந்தத் தாளம் இதுதான். அந்த ஸ்பிரிங் வழக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினால் அதற்காகச் சேரும் அலைவு ஆற்றல் 25 ஜூல். இந்த 25 ஜூலும் எங்காவது போயாக வேண்டும். அப்சார்பர் அதை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகிறது. மேடுபள்ளமான சாலையில் ஓடி வந்த காரின் அப்சார்பர் சூடாக இருப்பது இதனால்தான்.

கார் ஆடினால் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். கலக்கத்தைவிடப் பெரிய ஆபத்து சக்கரத்தில் இருக்கிறது. சக்கரம், பிரேக், அவற்றைப் பிடித்திருக்கும் இரும்பு எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில் 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதன் கீழே காற்றடைத்த டயர் மிக இறுக்கமான ஒரு ஸ்பிரிங்காகச் செயல்படுகிறது. ஆகவே சக்கரம் தனியாகத் துள்ளும் அலைவெண் வினாடிக்கு 10 முதல் 15 வரை போகிறது. கூட்டரசு சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வினாடிக்கு 25 மீட்டர். அப்படியென்றால் தணிப்பு இல்லாத சக்கரம் ஏறக்குறைய 2 மீட்டருக்கு ஒரு முறை சாலையிலிருந்து தளர்ந்து தளர்ந்து ஓடுகிறது. தளர்ந்திருக்கும் அந்தக் கணத்தில் பிரேக் பிடித்தால் டயருக்குப் பிடிமானம் இருக்காது. மழை பெய்து தண்ணீர் தேங்கிய வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்சார்பரை நான் வசதிப் பொருளாகப் பார்ப்பதில்லை. பிரேக்கோடு சேர்த்தே பார்க்கிறேன்.

இனி உள்ளே பார்ப்போம். ஓர் உருளை, அதில் எண்ணெய், எண்ணெய்க்குள் ஏறி இறங்கும் பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகள், துளைகளை மூடியபடி மெல்லிய எஃகுத் தகடுகள். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். மருந்தகத்தில் ஊசி இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சை வாங்கிச் சோதித்துப் பாருங்கள். தண்ணீரை உறிஞ்சி அழுத்துங்கள். பிறகு சமையல் எண்ணெயை உறிஞ்சி அழுத்துங்கள். மெதுவாக அழுத்தினால் எளிதாகப் போகும், வேகமாக அழுத்தினால் கை வலிக்கும். அப்சார்பரும் அப்படித்தான். காரின் எடையை அது தாங்குவதில்லை, வேகத்தை எதிர்க்கிறது.

எஃகுத் தகடுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சக்கரம் மேட்டில் ஏறும்போது, அதாவது அப்சார்பர் அமுங்கும்போது, எதிர்ப்பு குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேட்டின் அடி நேராக உடலுக்கு வரும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி நீளும்போது எதிர்ப்பு கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் எகிறும். அதனால் நீளும்போது உள்ள எதிர்ப்பு அமுங்கும்போது உள்ளதைவிடப் பல கார்களில் 2 மடங்கு, 3 மடங்கு இருக்கும். தொழிற்சாலை இதை அந்தக் காரின் எடைக்கும் அந்த ஸ்பிரிங்குக்கும் பொருத்தமாக அமைக்கிறது. இந்தப் பொருத்தத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

எண்ணெயின் எதிரி காற்று. சிறிய கார்களில் வருவது பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே கொஞ்சம் எண்ணெய், அதற்கு மேல் கொஞ்சம் காற்று. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பத்து நிமிடம் குலுங்கினால் அந்தக் காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிடும். தே தாரிக் ஆற்றும்போது நுரை எழுவது போலத்தான். நுரை அமுங்கக்கூடியது, எண்ணெய் அமுங்காது. பிஸ்டன் நுரையை அமுக்கிக்கொண்டு சும்மா நகரும், தணிப்பு போய்விடும். இதைக் குறைக்கத்தான் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை அழுத்தத்தில் அடைக்கிறார்கள். இரட்டைக் குழாய் வகையில் இந்த அழுத்தம் சில பார் அளவுதான். 1950களில் பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்போன் உருவாக்கிய ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் வாயுவையும் ஒரு நகரும் பிஸ்டன் பிரிக்கிறது. அதில் அழுத்தம் 20 பாருக்கும் மேல். சிறந்த வகை, ஆனால் விலை கூடுதல். பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் மைவிக்கு அது தேவையில்லை. குறைந்த அழுத்த வாயு உள்ள இரட்டைக் குழாயே போதும். வெறும் எண்ணெய் வகைக்கும் இதற்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால், அந்தச் சிறு தொகையைக் கொடுப்பது நல்லது.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? காரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுக்கும் சோதனையை எல்லாரும் செய்வார்கள். ஒரு முறை எழுந்து நின்றுவிட்டால் நல்லது, இரண்டு மூன்று முறை ஆடினால் கெட்டுவிட்டது என்பார்கள். ஆடினால் கெட்டுவிட்டது என்பது சரி. ஆடவில்லை என்பதற்காக நல்லது என்று முடிவு செய்ய முடியாது. கையால் அழுத்தும் வேகம் மிகக் குறைவு. சக்கரம் வினாடிக்கு 13 தடவை துள்ளும்போது நடப்பதை அது காட்டாது. டயரைத் தடவிப் பாருங்கள். சுற்றிலும் அங்கங்கே குழி விழுந்ததுபோலத் தேய்ந்திருந்தால் சக்கரம் துள்ளுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்சார்பரின் மேல் பாகத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். கம்பி ஏறி இறங்கும்போது கொஞ்சம் எண்ணெய் ஒட்டி வருவது இயல்பு. எண்ணெய் வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால் சீல் போய்விட்டது.

இப்போது அந்த மூன்று விலைகளுக்கு வருவோம்.

ரீகோன் பொருளை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். வெளியே புதுச் சாயம் அடித்திருக்கும், கையால் அழுத்தினால் புதியதைவிடக் கெட்டியாகவும் இருக்கும். அந்தக் கெட்டித்தன்மைதான் ஏமாற்றம். தேய்ந்த துளைகளையும் தகடுகளையும் சரிசெய்யாமல் தடித்த எண்ணெயை ஊற்றினால், மெதுவான அசைவில் எதிர்ப்பு அதிகமாகத் தெரியும். ஆனால் வேகமான அசைவில் எண்ணெய் துளைக்குள் போகத் திணறும். அமுங்குவதற்கும் நீள்வதற்கும் இடையே இருந்த விகிதமும் கெட்டுவிடும். நைட்ரஜனைத் திரும்ப அடைக்கவில்லை என்றால் நுரைப் பிரச்சினையும் திரும்பி வரும். அப்சார்பரை முறையாகப் பிரித்துப் புதுப்பிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை பந்தயக் கார்களுக்கும் விலை உயர்ந்த கார்களுக்கும்தான் கட்டுப்படியாகும்.

ஹாஃப்கட் பொருளில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஜப்பானில் ஓடி ஓய்ந்த காரை வெட்டிக் கொண்டுவந்து உறுப்புகளாக விற்கிறார்கள். 2005இல் வந்த முதல் தலைமுறை மைவி, டைஹாட்சு பூன், டொயோட்டா பஸ்ஸோ ஆகியவற்றின் உடன்பிறப்பு. ஆகவே அங்கிருந்து வரும் பொருள் இங்கே பொருந்தக்கூடும். ஆனால் போல்ட் பொருந்துவது வேறு, தணிப்பு பொருந்துவது வேறு. அந்தக் கார்களில் நான்கு சக்கர இயக்கம் கொண்டவையும் இருந்தன; அவற்றின் எடை வேறு. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் யாருக்கும் தெரியாது. அப்படியும் வாங்குவதென்றால், செங்குத்தாக நிறுத்தி முழு நீளத்துக்கும் நான்கைந்து முறை அழுத்தி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது 'வெற்றிடம்' போலக் கை நழுவினால் வேண்டாம். கம்பியில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தாலும் வேண்டாம். அது சீலை அரத்தைப்போல அராவிவிடும்.

விலைக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இந்தத் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய இணை 80 ரிங்கிட், புது இணை 240 ரிங்கிட். இரண்டுக்கும் மாட்டும் கூலியும் சக்கர அலைன்மென்ட்டும் சேர்த்து 120 ரிங்கிட். பழையது ஓராண்டு, புதியது நான்கு ஆண்டு உழைத்தால், நான்கு ஆண்டுகளில் பழையதற்கு ஆகும் செலவு 800 ரிங்கிட். புதியதற்கு 360 ரிங்கிட். காரணம் பொருளின் விலையில் இல்லை. கூலி ஒவ்வொரு முறையும் புதிதாக விழுகிறது. நான்கு மாதத்தில் விற்றுவிடப்போகும் காருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதியதிலும் எல்லாம் ஒன்றல்ல. விளம்பரத்தில் 'ஸ்போர்ட்', 'ஹெவி டியூட்டி' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். துளிகூட ஆடாமல் நிற்க வைக்கும் அளவுக்குத் தணிப்பைக் கூட்ட முடியும். அந்த எல்லைக்கு மாறுநிலைத் தணிப்பு என்று பெயர். வழக்கமான கார்களில் அதில் ஏறக்குறைய 20 முதல் 40 விழுக்காடுதான் வைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் சக்கரம் சாலையின் சிறு மேடுபள்ளங்களைப் பின்தொடர முடியாமல் மறுபடியும் பிடிமானம் குறையும். காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு: செயல்படும் 5 சுற்றில் ஒன்றை வெட்டினால் மாறிலி 25 விழுக்காடு கூடிவிடும். பழைய அப்சார்பர் அந்தப் புதிய ஸ்பிரிங்கை அடக்கப் போதாது. தாழ்ந்த கார் அழகாக இருக்கலாம். சாலையை அது குறைவாகவே பிடிக்கும்.

ஆகவே காரின் மாடல், ஆண்டு, சேஸ் எண் ஆகியவற்றைச் சொல்லி, தொழிற்சாலையில் வந்த அதே அளவுள்ள புதியதைக் கேளுங்கள். முன்பக்கத்தில் இடது வேறு, வலது வேறு. நான்கையும் மாற்றப் பணம் இல்லையென்றால் ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வளைவில் இரு சக்கரங்களும் இரு விதமாக நடந்துகொள்ளும். கம்பியின் மேல் வரும் தூசி உறையையும் முட்டு ரப்பரையும் பாருங்கள். இவை விலை குறைந்தவை. கிழிந்த உறையோடு புதுப் பொருளை மாட்டினால் மணல் ஏறிச் சீல் விரைவில் போய்விடும்.

முன்பக்க வேலையை வீட்டில் முயல வேண்டாம். மைவி போன்ற கார்களில் முன்னால் இருப்பது மெக்பெர்சன் அமைப்பு. அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். கழற்றுவதற்கு அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். நம் ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் அதில் 225 ஜூல் அடைபட்டிருக்கும். 10 கிலோ அரிசிப் பை 2 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தலையில் விழுவதற்கு அது சமம்.

பட்டறையில் பக்கத்தில் நின்று இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். மேல் நட்டை இறுக்கும்போது கம்பி சேர்ந்து சுழலாதிருக்க, சிலர் பளபளக்கும் கம்பியையே பிளேயரால் பிடிப்பார்கள். அந்தப் பல் தடம் புது சீலைச் சில வாரங்களில் கிழித்துவிடும். கம்பியின் நுனியைப் பிடிக்கத் தனிச் சாவி உண்டு. பின்பக்க அப்சார்பரின் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, கார் உயரத்தில் தொங்கும்போது முழுவதும் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, காரின் எடை இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் வெடித்துவிடும்.